இரவல் நடை

விடுமுறை சீசன் நெருங்கிவிட்டால் அந்த வீட்டில் காலண்டர் தேவையில்லை. நாத்தனார் ஒருத்தி போதும். எந்தப் படம் எந்த வெள்ளிக்கிழமை வருகிறது, எது தள்ளிப்போகிறது, எது தள்ளிப்போனதாகச் சொல்லிவிட்டுத் திடீரென்று முன்னால் வந்து நிற்கிறது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் எங்கேயோ காணாமல் போய், வீட்டிலும் தெருவிலும் ‘ரிலீஸ்’ என்ற பேரே நிலைத்துவிட்டது. அழகு நிலையத்தில் வேலை. ஒரு தலைக்குச் சாயம் பூசி முடிப்பதற்குள் மூன்று டிரைலரைக் கதையாகச் சொல்லிவிடுவாள். கழுத்தை அசைக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறவர்கள் கேட்டுத்தானே ஆகவேண்டும்?

“இந்த சீசன்ல பெருசுன்னா மூணுதான் அண்ணி. ஒண்ணு சூப்பர் ஹீரோ படம். அவர் நடந்து வர்றதைப் பார்த்தே ஊர் கிறுக்குப் பிடிச்சு அலையுது. இன்னொண்ணு காதல் படம், மழை வருது, குடை வருது, குடைக்குள்ள ரெண்டு பேர். மூணாவது அந்தக் கொலைப் படம். யார் கொலைகாரன்னு யாருக்கும் தெரியாது. அதுதான் என் படம்!”

வேடிக்கை என்னவென்றால், இந்த மூன்று படத்திலும் அண்ணி நடந்திருக்கிறாள். நடித்திருக்கிறாள் என்று நான் சொல்லவில்லை. நடந்திருக்கிறாள் என்றுதான் சொன்னேன், சரியாகப் படியுங்கள்.

படப்பிடிப்பில் மைக்கெல்லாம் நடிகர்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும். காலை யார் கவனிக்கிறார்கள்? அதனால் காலடிச் சத்தத்தைப் பிறகு தனியாக எடுத்துச் சேர்ப்பார்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் அதற்கென்றே ஓர் அறை. தரையில் கட்டம் கட்டமாக மரப்பலகை, கல், மணல், சரளை, இரும்புத் தகடு. எதிரே திரையில் படம் ஓடும். வளையலைக் கழற்றிவிட்டு, சலசலக்காத பழைய பருத்தி உடையோடு அண்ணி நின்று, திரையில் நடப்பவர் கால் எப்போது தரையில் படுகிறதோ அப்போது தன் காலை வைப்பாள். ஊரைக் கிறுக்குப் பிடிக்க வைத்த அந்த சூப்பர் ஹீரோ நடை இருக்கிறதே, அது காலையில் உருளைக்கிழங்கு உரித்துவிட்டு பஸ் பிடித்துப் போன இவள் நடந்தது. கூடத்தில் எல்லோரும் அவளைக் ‘காலடி அக்கா’ என்பார்கள். நாமும் காலடி என்றே வைத்துக்கொள்வோம்.

காலடிக்குத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. ஒரு பாத்திரத்துக்கு ஒரு ஜோடி செருப்பு, ஒரே நடை. ஒருவருடைய ஷூவைப் போட்டுக்கொண்டு அதே படத்தில் இன்னொருவராக நடக்க மாட்டாள். அவசரத்துக்குக்கூட மாட்டாள். “என்னக்கா, யாருக்குத் தெரியப் போகுது?” என்று சவுண்டு இன்ஜினியர் கேட்டால், “என் காலுக்குத் தெரியும்” என்பாள். அதற்கு மேல் அவளிடம் பேசிப் பிரயோஜனமில்லை.

வீட்டிலும் ஒரு சட்டம். வேலை செய்த படத்தின் கதையைப் படம் வரும்வரை மூச்சுவிட மாட்டாள். ரிலீஸ் கெஞ்சுவாள், காலைப் பிடிப்பாள், தலைக்கு இலவசமாக மருதாணி போடுகிறேன் என்பாள். ஊஹூம்.

இனி காலடியின் வீட்டுக்காரர். அவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் குடியிருக்கும் கட்டடத்தில் மட்டும் லிஃப்ட் ஓடாது. கட்டடத்துச் சொந்தக்காரர் பாகம் வாங்கித் தர மாட்டேன் என்கிறார், இவர் என்ன செய்வார்? ஆனால் கிண்டல் செய்கிறவர்கள் இதையெல்லாம் விசாரித்துவிட்டா செய்கிறார்கள்? மூன்று மாடியும் படியேறித்தான் வரவேண்டும். அதுவும் இடது காலை வைத்துக்கொண்டு.

சில வருஷம் முன்னால் வேலையிடத்தில் விழுந்ததில் அந்தக் கால் முறிந்தது. எலும்பு சேர்ந்தது, கொஞ்சம் கோணலாகச் சேர்ந்தது. அதிலிருந்து ஒரு மாதிரி நடை. வலது கால் ‘டக்’கென்று வைக்கும், இடது கால் ‘சர்’ரென்று இழுத்துக்கொண்டு வந்து சேரும். வலி ஒன்றும் இல்லை. வேலையிலும் குறையில்லை. ஆனால் பட்டறையில் ஒருத்தன் நாலு பேர் சிரிக்க அந்த நடையை நடந்து காட்டிவிட்டான். அன்றைக்கு மனுஷன் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான், தட்டை வைத்துக்கொண்டு காலடி எவ்வளவு கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

அதற்கப்புறம் மூன்று பேரும் எங்கே போய் வந்தாலும், படிக்கட்டுக்கு வந்ததும் “நீங்க முன்னாடி போங்க” என்பார். தான் கடைசியாக, கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் காலைத் தூக்கித் தூக்கி வைத்து ஏறுவார். கீழ் வீடுகள் தாண்டி, தங்கள் மாடிக்கான கடைசிப் படி வரிசைக்கு வந்த பிறகுதான் காலை அதன் போக்கில் விடுவார். டக், சர், டக். சமையலறையில் காலடி அந்தச் சத்தம் கேட்டதும் டீக்கு அடுப்பைப் பற்றவைப்பாள். அது கொதிப்பதற்குள் அவர் வந்து உட்கார்ந்து, காலியான மேஜையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். தினமும் இதே கதைதான்.

கொலைப் படத்துக்கு வருவோம். டைரக்டருக்கு அது முதல் படம். வயசு கம்மி, தூக்கம் அதைவிடக் கம்மி. படத்தில் ஒரு டாக்டர் வருகிறார், நடுத்தர வயதைத் தாண்டியவர், நிதானமானவர். அவர் நடையை எடுக்கும்போது டைரக்டர் வந்து சொன்னார்.

“அக்கா, இந்த டாக்டர் வர்ற சத்தம் கேட்டாலே படுத்திருக்கிறவங்களுக்குப் பாதி வியாதி போயிடணும். அப்பாடா, வந்துட்டார்னு இருக்கணும். இதை நான் வசனத்துல சொல்லல. உங்க காலுதான் சொல்லணும்.”

காலடி ஒரு பழுப்பு நிறத் தோல் ஷூவை எடுத்து, முன்னால் துணி அடைத்துப் போட்டுக்கொண்டு நடந்தாள். அழுத்தி நடந்தால் போலீஸ் வருகிற மாதிரி இருந்தது. மெதுவாக நடந்தால் திருடன். வேகமாக நடந்தால் பஸ்ஸுக்கு ஓடுகிறவர். காலை முழுக்கப் போயிற்று. சரி, எனக்கு ‘அப்பாடா வந்துட்டார்’ என்று எப்போது தோன்றுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். யோசித்து முடிப்பதற்குள் கால் நடந்துவிட்டது. டக், சர், டக். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் கட்டைவிரலை உயர்த்தினான். டைரக்டர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

கொலைகாரன் இருட்டில் வருகிற இடங்களை மட்டும் டைரக்டர் கடைசிவரை யார் கண்ணிலும் காட்டவில்லை. எல்லா வேலையும் முடிந்தபின் ஒருநாள் அறையைச் சாத்திவிட்டு, இன்ஜினியருக்கும் காலடிக்கும் மட்டும் போட்டுக் காட்டினார். தீக்குச்சி வெளிச்சத்தில் கொலைகாரன் முகம் தெரிந்தது. டாக்டர்.

“ஐயய்யோ!” என்றாள் காலடி.

“அதே நடைதான் அக்கா. மாத்தினா பார்க்கிறவங்களை ஏமாத்தின மாதிரி ஆகும். காது கூர்மையானவங்க கண்டுபிடிச்சா கண்டுபிடிக்கட்டும்.”

ஒரு பாத்திரத்துக்கு ஒரு நடை. அவளுடைய சட்டத்தையே டைரக்டர் அவளிடம் சொன்னால் அவள் என்ன மறுப்பாள்? அதே பழுப்பு ஷூவைப் போட்டுக்கொண்டு நடந்தாள். வேலை மும்முரத்தில் அது டாக்டருடைய நடையாகத்தான் மனசில் பதிந்திருந்தது. யாரிடமிருந்து எடுத்தோம் என்பதே மறந்துபோயிற்று. இந்த மாதிரி ஒரு தவறு இந்தத் தொழில் செய்கிறவர்களுக்குத்தான் வரும்.

ஞாபகப்படுத்தியது ரிலீஸ்தான். கொலைப் படத்தின் டிரைலர் வந்த அன்று சாயங்காலம், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சமையலறை மூலையில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் டாக்டர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வருகிறார். கடைசியில் திரை இருட்டாகி, காலடிச் சத்தம் மட்டும் கேட்கிறது. திடீரென்று ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அண்ணியை ஒரு பார்வை பார்த்தாள்.

“அண்ணி. இது அண்ணன் நடை.”

காலடி கையிலிருந்த வெங்காயம் உருண்டு அடுப்புக்கடியில் போயிற்று.

“டாக்டரும் அண்ணன் மாதிரி நடக்கிறார், கொலைகாரனும் அண்ணன் மாதிரி நடக்கிறான். அப்படின்னா…” ரிலீஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். “அடக் கடவுளே! எனக்கு முடிவு தெரிஞ்சுபோச்சு!”

“கத்தாதடி! வெளியில யார்கிட்டயாவது சொன்னே, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்.”

“சொல்ல மாட்டேன் அண்ணி, சத்தியமா. ஆனா…” அவள் குரல் இறங்கியது. “அண்ணன் கேட்டா என்ன பண்ணுவீங்க? ஒருத்தன் நடந்து காட்டினதுக்கே அன்னிக்கு அப்படிப் படுத்துச்சு. இப்ப நீங்க நடந்து காட்டியிருக்கீங்க. அதுவும் கொலைகாரனுக்கு. அதுவும் ஊர் உலகத்துல இருக்கிற தியேட்டர் எல்லாத்துலயும்.”

காலடிக்கு அப்போதுதான் உறைத்தது. பட்டறைக்காரன் நாலு பேருக்கு முன்னால் செய்ததை இவள் எத்தனை பேருக்கு முன்னால் செய்துவிட்டாள்! அந்த மனுஷனோ, “சஸ்பென்ஸ் படமா? அப்ப நான் முதல் நாள் லீவு போடறேன். என் பொண்டாட்டி வேலை செஞ்ச படம், நான் பார்க்காம யார் பார்ப்பா?” என்று பட்டறை முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார். ரிலீஸின் போன் ஸ்பீக்கரில் டிரைலரைக் கேட்டும் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, அந்த ஸ்பீக்கரில் இடி விழுந்தாலே கொசு மாதிரிதான் கேட்கும். தியேட்டரில் அப்படியா?

மறுநாள் காலையிலேயே டைரக்டரிடம் போய் நின்றாள். சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னாள். டைரக்டர் தலையைச் சொறிந்தார். படம் வெளியே போக இன்னும் கொஞ்சம் அவகாசம் இருந்தது.

“சரிக்கா. வேற நடை நடந்து பாருங்க. நல்லா வந்தா மாத்திடலாம்.”

அந்த நல்ல குணத்துக்கே காலடிக்குக் கண் கலங்கியது. ஷூவை மாட்டிக்கொண்டு நடந்தாள். நேரான நடை, பழுதில்லாத நடை. பிறகு டாக்டர் நோயாளியின் அறைக்குள் வருகிற காட்சியை அதோடு சேர்த்துப் போட்டுப் பார்த்தார்கள். டாக்டர் வந்தார், நின்றார், சிரித்தார். யாரோ மின்சாரக் கணக்கு எடுக்க வந்த மாதிரி இருந்தது. இன்னொரு விதமாக நடந்தாள். இப்போது டாக்டர் உள்ளே வரும்போதே எதையோ மறைக்கிற மாதிரி இருந்தது.

டைரக்டர் வாயைத் திறக்கவில்லை. நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டால் தேவலையே என்று அவளுக்கு இருந்தது. அவர் சொல்லாததனால் அவளே சொல்ல வேண்டியதாயிற்று.

“வேண்டாம் தம்பி. பழசையே வைங்க.”

“வீட்டுல?”

“வீட்டை நான் பார்த்துக்கறேன்.”

எங்கே பார்த்துக்கொண்டாள்! தினமும் சொல்ல வேண்டும் என்று வாயெடுப்பாள். “என்னங்க” என்பாள். “என்ன?” என்பார். “ஒண்ணுமில்ல, கரண்ட் பில் கட்டியாச்சா?” என்பாள். முழுசாகச் சொன்னால் கொலைகாரன் யார் என்பதையும் சொல்ல வேண்டும். பாதி சொன்னால் அது பொய். இந்தப் பக்கம் ரிலீஸோ, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு படத்தின் முடிவு தெரிந்தும் யாரிடமும் சொல்ல முடியாமல் அழகு நிலையத்தில் ஊமையாகத் திரிந்தாள். வாடிக்கையாளர்கள் உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. காலைக் காட்சி. வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டை, மீசைக்குச் சாயம் என்று கல்யாணத்துக்குப் போகிற மாதிரி கிளம்பினார். மூன்று பேரும் உட்கார்ந்தார்கள், நடுவில் அவர், அந்தப் பக்கம் தங்கை, இந்தப் பக்கம் மனைவி.

டாக்டர் வந்தார். ஆஸ்பத்திரியின் நீண்ட தாழ்வாரத்தில், டக், சர், டக். தியேட்டரின் நாலு மூலையிலிருந்தும் அந்தச் சத்தம் வந்தது. காலடி படத்தைப் பார்க்கவில்லை, பக்கத்தில் இருந்த முகத்தைப் பார்த்தாள். அவர் பாப்கார்னை மென்றுகொண்டே அவள் பக்கம் சாய்ந்தார்.

“இந்த டாக்டர் நல்ல ஆளும்மா. பார்த்தாலே தெரியுது.”

அந்தப் பக்கம் ரிலீஸுக்குப் புரையேறியது. தன் நடையைத் தானே கேட்டவர் யார் இருக்கிறார்கள்? அடுத்தவர் நடைதானே நம் காதில் விழும்.

இடைவேளையில் முன் வரிசையில் இருந்த ஒரு குண்டு மனிதர் திரும்பி, “எனக்கென்னவோ அந்த டாக்டர் மேலதான் சந்தேகம்” என்றார். வீட்டுக்காரருக்கு வந்ததே கோபம்!

“டாக்டரா? சும்மா இருங்க சார். அந்த ஆள் உள்ள வந்தாலே அந்த வீடு எப்படி அமைதியாகுது! அவனா கொலை பண்ணுவான்? அவன் கொலைகாரனா இருந்தா நான் மீசையை எடுத்துக்கறேன்!”

“அண்ணா, மீசை வேண்டாம்” என்றாள் ரிலீஸ் பரிதாபமாக.

கடைசிக் காட்சி வந்தது. திரை முழு இருட்டு. அத்தனை பேர் இருந்த தியேட்டரில் ஒரு பொட்டுச் சத்தமில்லை. அந்த இருட்டில் தூரத்திலிருந்து, டக். சர். டக். படி ஏறி வருகிற சத்தம். பார்க்க எதுவும் இல்லாததால் காதுதான் பார்த்தது. மெல்லுகிற சத்தம் பக்கத்தில் நின்றுவிட்டதைக் காலடி கேட்டாள். அவர் கை மெதுவாகப் போய்த் தன் இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டது. தீக்குச்சி உரசியது. டாக்டர் முகம். தியேட்டரே அலறியது. அவர் மட்டும் அலறவில்லை.

வெளியே வந்தால் வெயில் கண்ணைக் கூசியது. “சார், மீசை!” என்று குண்டு மனிதர் கையாட்டிவிட்டுப் போனார். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. மூவரும் தெருமுனை திரும்பினார்கள்.

“அது என் நடைதானே?” என்றார்.

“ஆமாங்க.”

“அந்தப் பய பண்ணினப்ப நான் சாப்பிடாமப் படுத்தேன். உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

காலடி நடுத்தெருவில் நின்றுவிட்டாள். இத்தனை நாள் தொண்டையில் இருந்தது அப்படியே வந்தது.

“கொலைகாரனுக்குன்னு எடுக்கலைங்க. அவன்தான்னு அப்ப எனக்கே தெரியாது. டாக்டருக்குன்னு கேட்டாங்க. இவர் வர்ற சத்தம் கேட்டாலே, அப்பாடா, வந்துட்டார்னு இருக்கணும்னாங்க. எத்தனையோ விதமா நடந்து பார்த்தேன், வரல. எனக்குத் தெரிஞ்சு அப்படி ஒரு சத்தம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. சாயங்காலம் நீங்க படியேறி வர்ற சத்தம். அப்புறம் மாத்தலாம்னும் போய் நின்னேன். வேற எந்த நடையிலயும் அந்த ஆளை யாரும் நம்ப மாட்டாங்க போல. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்காதது தப்புதான்.”

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அண்ணா, இன்டர்வெல்ல மீசையைப் பந்தயம் வெச்சது யாரு?” என்றாள் ரிலீஸ். “அண்ணியா சொன்னாங்க? நானா சொன்னேன்? நீயேதான் அந்த ஆளை நம்பினே. எதைக் கேட்டு நம்பினேன்னு நினைக்கிறே?”

மீண்டும் நடந்தார்கள். கட்டடத்துக்குள் நுழைந்து படிக்கட்டுக்கு வந்ததும், வழக்கம்போல, “நீங்க முன்னாடி போங்க” என்றார்.

காலடிக்கு மனசு விட்டுப்போயிற்று. இனிமேல் காலம் பூராவும் இப்படித்தான், இன்னும் அமுக்கி அமுக்கித்தான் நடப்பார் என்று நினைத்தாள். நாத்தனாரும் அண்ணியும் மேலே போய்க் கதவைத் திறந்து சமையலறையில் நின்றார்கள்.

அப்போது கீழே, தரைத்தளத்திலிருந்து கேட்டது.

டக். சர். டக்.

தூக்கி வைக்காத கால். அவசரமில்லாத கால். முதல் மாடியில் ஒரு கதவு திறந்தது. “யாரு?” என்று அங்கே குடியிருக்கும் டீச்சரம்மாவின் குரல் கேட்டது. “நான்தாம்மா, மூணாவது மாடி!” என்று அவர் குரல் கட்டடம் முழுக்க எதிரொலித்தது. டக், சர், டக். இரண்டாவது மாடி. ரிலீஸ் அண்ணியின் கையைப் பிடித்து நசுக்கினாள். காலடியின் இன்னொரு கை அவளைக் கேட்காமலே அடுப்பைப் பற்றவைத்துப் பாத்திரத்தை ஏற்றியிருந்தது.

வாசலில் அவர் வந்து நின்றார். மூச்சு வாங்கியது, முகம் சிவந்திருந்தது.

“சொல்லு. முழுசாக் கேட்டியா? பயமா இருந்துச்சா, நிம்மதியா இருந்துச்சா?”

காலடி அடுப்பைக் காட்டினாள்.

அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் முதல்முறையாக, அவர் வந்து உட்காரும்போது டீ தயாராக இருந்தது.